நாலாவதாக நிற்க ஒரு ஆள்

சேசு மரி சூசை துணை
கூடவே கோடி அற்புதர் அந்தோணியாரும் துணை
(நாலாவதா இவரையும் ஏன் சேர்த்தேன்னு கீழே எழுதியிருக்கேன்.)

மர்பி டவுன்,
பெங்களூர்.
டிசம்பர் 6, சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள டோரதி அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி டென்சிலின் பெண்சாதி பிலோமினா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கு நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை, அது என் பேச்சைக் கேக்கிறதில்லை. அங்கு நீங்களும் கேரலும் நலமா இருக்கவும், உங்க சர்க்கரை ஏறாம இருக்கவும் தினம் ஜெபமாலையில உங்க பேருக்குத் தனியா ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்றேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

இந்தக் காலத்துல எவ தபால் எழுதுறான்னு நினைப்பீங்க. உங்க நம்பருக்குப் போட்டா ஒரு தரம் அடிச்சு நின்னுடுது. அத்திபெலே பக்கம் டவர் சரியில்ல போலன்னு ஆறு மாசம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கத்தார்லேருந்து லாயிட்தான் சொன்னான், "டவரும் இல்ல கிவரும் இல்லம்மா, அத்தை உன்னை பிளாக் பண்ணிட்டாங்க"ன்னு. எனக்குக் கோபமில்ல அண்ணி. உங்க இடத்துல நான் இருந்தா இன்னும் முன்னாடியே பண்ணியிருப்பேன், எப்படிப் பண்றதுன்னு தெரிஞ்சிருந்தா. தபாலை பிளாக் பண்ண முடியாது, போஸ்ட்மேன் கதவிடுக்குல போட்டுட்டுப் போய்க்கிட்டே இருப்பாரு, அதனால இந்த வழி. நான் நாலாங்கிளாஸோட நின்னவ, எழுத்துல தப்பு இருந்தா கேரலை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கோங்க.

விஷயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கிழமை நம்ம கோயில்ல ரெண்டாம் பூசையில கல்யாண ஓலை வாசிச்சாங்க. நான் வழக்கம்போல தூண் பக்கம் உட்கார்ந்து, மத்தியானக் குழம்புக்குப் புளி ஊற வச்சோமா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஃபாதர் வாசிக்கிறாரு, "நம் பங்கைச் சேர்ந்த ஆஷ்லிக்கும், அத்திபெலேயில் வசிக்கும் டோரதி அம்மாளின் மகள் கேரலுக்கும்"னு. எனக்குப் புளி மறந்துபோச்சு. நம்ம கேரல். இடுப்புல வச்சு நான் சோறு ஊட்டின பிள்ளை. அவ கல்யாணத்தை நான் மைக்குல கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். அதோட விட்டாரா ஃபாதர். "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்"ன்னாரு. உடனே முன் பெஞ்சுலேருந்து கடைசி பெஞ்சு வரைக்கும் மொத்த சனமும் என்னைத் திரும்பிப் பாக்குது. உங்க தம்பி சாவு வீட்டுல நான் உங்களைப் பேசின பேச்சு அவ்வளவு பிரபலம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல, எழுந்து நின்னு "எனக்கு ஒண்ணும் தெரியாது ஃபாதர்"னு சத்தமாச் சொல்லிட்டேன். அப்படியெல்லாம் எழுந்து சொல்லக்கூடாதாம்.

ஆக ஜனவரியில கல்யாணம்னு தெரிஞ்சுபோச்சு. பத்திரிகை எனக்கு வராதுன்னும் தெரியும். நான் பத்திரிகை கேக்கல. கேரல் கல்யாணத்துக்குப் போட்டோ நான் எடுக்கணும், அதுக்கு நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும். இதுதான் என் கோரிக்கை. "கோயில் ஹாலைக் கூட்டிப் பெருக்குறவளுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம்"னு கேப்பீங்க. அதைத்தான் எழுத வரேன். அடுத்தவங்க சொல்லி நீங்க தெரிஞ்சுக்கிறதைவிட நானே சொல்றது நல்லது, ஏன்னா அவங்க மல்லேஸ்வரத்துக் கதையை மட்டும்தான் சொல்லுவாங்க.

லாயிட் சமையல் சேனல் ஆரம்பிக்கிறேன்னு ஒரு பெரிய கேமரா வாங்கினானே, ஞாபகம் இருக்கா. ரெண்டு வீடியோ எடுத்தான், ரெண்டுலயும் முட்டை ஆம்லெட்தான், அப்புறம் கத்தாருக்குப் போயிட்டான். கேமரா பீரோ மேல பெட்டியிலேயே கிடந்தது. உங்க தம்பி போன பிறகு வீட்டுல சத்தமே இல்ல அண்ணி. அவரு இருந்தப்போ ரேடியோ, இருமல், "பிலோ, என் கண்ணாடி எங்க"ன்னு ஓயாத சத்தம், வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு எத்தனையோ நாள் திட்டியிருக்கேன். ஒரு நாள் தூசி தட்டும்போது அந்தக் கேமராவுல ஏதோ பட்டனை அமுக்கிட்டேன். "க்ளிக்"குன்னுச்சு. என் பேச்சுக்கு யாரோ "ம்" கொட்டின மாதிரி இருந்தது. திரும்ப அமுக்கினேன். அன்னிக்கு முழுக்க குக்கர், மிக்ஸி, ஜன்னல் கம்பி, எதிர்வீட்டு ஷோபாவோட பூனை, எல்லாத்தையும் எடுத்தேன். இப்படித்தான் ஆரம்பிச்சது. பெரிய லட்சியம் எதுவும் கிடையாது.

அப்புறம் யூடியூப்ல ஒரு தம்பி தமிழ்ல சொல்லிக் கொடுக்கிறான், அதைப் பார்த்துப் படிச்சேன். அவன் வாய்க்கு வாய் "ஐ.எஸ்.ஓ. பாருங்க, ஐ.எஸ்.ஓ. பாருங்க"ங்கிறான். நான் குக்கர் அடியில போட்டிருக்கிற ஐ.எஸ்.ஐ. முத்திரைன்னு நினைச்சுட்டேன். கேமராவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுறேன், முத்திரை இல்ல. லாயிட்டுக்குப் போன் போட்டு, "டூப்ளிகேட் கேமராவை வாங்கி ஏமாந்திருக்கியேடா"ன்னு அரை மணி நேரம் திட்டினேன். அது வெளிச்சத்துக்காகக் கேமராவுல வைக்கிற நம்பராம். அவன் சிரிச்ச சிரிப்புல, அவங்கப்பா போனதுக்கு அப்புறம் முதல் தடவையா பிள்ளை சிரிக்கிறான்னு, எனக்கு அசிங்கப்படக்கூடத் தோணல.

ஆனா ஒண்ணு அண்ணி, மெஷின்தான் எனக்குப் புதுசு, கல்யாணம் புதுசில்ல. பதினெட்டு வருஷமா ஹால்ல துடைப்பத்தோட நின்னு பார்த்தவ நான். பொண்ணோட அம்மா எந்த நேரத்துல அழுவா, மாப்பிள்ளையோட சித்தப்பா எந்தத் தூணுக்குப் பின்னாடி கோவிச்சுக்கிட்டு நிப்பாரு, கேக் வெட்டுறதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளை விரலை விட்டுப் பாக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பெரிய பெரிய போட்டோகாரங்க தப்பான பக்கம் நின்னுக்கிட்டு இருப்பாங்க. நான் துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு "அங்க பாருய்யா"ன்னு மனசுக்குள்ளயே கத்துவேன்.

தொழில்னு ஆன பிறகு பேரு வேணுமே. "டென்சில் போட்டோஸ்"னு வச்சேன். பிளக்ஸ் கடையில கார்டு அடிக்கக் கொடுத்தேன், அவரு படத்தையும் போடுங்கன்னு சொன்னேன். அந்தக் கடையில கல்யாண பேனரும் அடிக்கிறாங்க, கண்ணீர் அஞ்சலியும் அடிக்கிறாங்க. எப்படிப் போட்டாங்கன்னு கேளுங்க. நடுவுல உங்க தம்பி, ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி, மேலே ரெண்டு புறா, கீழே என் போன் நம்பர். கார்டை வாங்கின ஒருத்தர்கூட ரேட்டு கேக்கல. எல்லாரும் "எப்பம்மா தவறினாரு"ன்னுதான் கேட்டாங்க. ஒரு அம்மா போன் பண்ணி, "அடக்கம் எத்தனை மணிக்கு"ன்னாங்க. நானும் பதில் சொல்லிச் சொல்லி அழுதேன். அந்தக் கார்டுனால ஆர்டர் ஒண்ணும் வரல, ஆனா மனசு கொஞ்சம் லேசாச்சு.

ஒத்தாசைக்கு டெரிக் அண்ணன் வந்தாரு. உங்களுக்குத் தெரியும், கல்யாண பேண்டுல டிரம்பெட் ஊதினவரு. பல்லு போனதுனால ஊத முடியல, சும்மா உட்கார்ந்திருக்க பேஜாரா இருக்குதுன்னு லைட்டைப் பிடிக்க வந்தாரு. வேற மாதிரி நினைச்சுடாதீங்க அண்ணி, அவருக்கு அறுபத்தெட்டு வயசு, கண்ணுல ஆபரேஷன் பண்ணியிருக்கு, பேண்டுல போட்டுக்கிட்டிருந்த தங்கப் பட்டன் வச்ச மெரூன் கோட்டை இன்னும் கழட்ட மாட்டேங்கிறாரு. அந்தக் கோட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

முதல் ஆர்டர் நம்ம தெருவுலயே ஒரு நிச்சயதார்த்தம். "ஆன்ட்டி, எல்லாம் கேண்டிடா வேணும்"னாங்க. அப்படின்னா என்னன்னு ஷோபாவைக் கேட்டேன், "யாருக்கும் தெரியாம எடுக்கிறது"ன்னா. சரின்னு ஜன்னல் பின்னாடி, பீரோ பின்னாடி, தண்ணி கேன் பின்னாடியெல்லாம் ஒளிஞ்சு நின்னு எடுத்தேன். அதுல மாப்பிள்ளையோட பெரியம்மா ஹேண்ட்பேக்குல லட்டு அடுக்குற படம் எட்டு வந்துச்சு. எட்டும் நல்லா வந்திருக்கு, வெளிச்சம் அருமை. அதையும் ஆல்பத்துல சேர்த்துட்டேன். அந்தப் பெரியம்மா இன்னிக்கும் என்னைப் பார்த்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுறாங்க.

இப்போ மல்லேஸ்வரம். ஷோபா அங்க ஒரு வீட்டுல சமையல் பண்றா. சீனுன்னு பேரு அந்த ஐயாவுக்கு, பேங்க்ல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. ஒரே பொண்ணு மமதா. ஷோபா என்னைப் பத்தி என்ன பொய் சொன்னாளோ, கல்யாண ஆர்டரை எனக்குக் கொடுத்துட்டாங்க. பெரிய சவுல்ட்ரி மண்டபம், வாசல்ல வாழை மரம், மேடை முழுக்கச் சாமந்தி. முகூர்த்தமெல்லாம் நல்லபடியா எடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கன்னடக்காரங்க, "நகி, நகி"ன்னு சொல்லிச் சிரிக்க வச்சேன். லென்ஸ் மூடியைக் கழட்டாம பத்து நிமிஷம் எடுத்தது யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

வினை ரிசப்ஷன்ல வந்துச்சு. உங்களுக்கே தெரியும் அண்ணி, மூணு பேரா நின்னு போட்டோ எடுக்கக்கூடாதுங்கிறது எங்கம்மா வீட்டு வழக்கம், எடுத்தா ஒருத்தர் பிரிஞ்சுடுவாங்கன்னு. நானு, உங்க தம்பி, லாயிட்டு, நாங்களே மூணு பேரு. அதனால லாயிட் ஞானஸ்நானத்துலேருந்து எந்தப் போட்டோன்னாலும் உங்களைக் கூப்பிட்டு நாலாவதா நிக்க வப்பேன். அவன் முதல் தடவை நற்கருணை வாங்கின புதுநன்மைக்கு நாலாவதா நீங்க, எங்க இருபத்தஞ்சாவது வருஷத்துக்கு நாலாவதா நீங்க. ஒரு தடவைகூட நீங்க முகம் சுளிச்சதில்ல. "என்னடி, என் வேலை வந்துடுச்சா"ன்னு சேலையைச் சரிபண்ணிக்கிட்டு வந்து நிப்பீங்க. கேரல் மட்டும் போட்டோன்னாலே எதையாவது வாங்குறேன்னு ஓடிடுவா.

அந்த வழக்கம் எனக்கு ரத்தத்துல ஊறினது. ரிசப்ஷன் மேடையில பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரு, தனியா ஒரு ஆள் ஏறி வந்தா மூணு. தனியா வர்றவங்கதான் பாதிக் கூட்டம்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. ஒவ்வொருத்தருக்கும் "டெரிக் அண்ணே, போய் நில்லுங்க"ன்னேன். மெரூன் கோட்டோட அவரும் போய்ப் போய் நின்னாரு. அப்புறம் இறங்கி ஏற முட்டி வலிக்குதுன்னு மேடையிலேயே இருந்துட்டாரு. பொண்ணு வீட்டுக்காரங்க அவரை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்னு நினைச்சாங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டுப் பெரியவர்னு நினைச்சாங்க. வர்றவங்கல்லாம் அவருக்குக் கை கொடுக்கிறாங்க, சின்னப் பிள்ளைங்க கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குது. அவரும் கூச்சப்படாம "நல்லா இரும்மா"ங்கிறாரு. கடைசியில மமதா அவ அப்பா அம்மாவோட நின்னா. மூணு பேரு. அதுலயும் டெரிக் அண்ணனை நடுவுல விட்டேன்.

ஆல்பம் கொடுத்த மறுநாள் சீனு ஐயா போன் பண்ணினாரு.

"ஏம்மா, இந்தக் கோட்டுப் போட்ட ஆள் யாரு?"

"எங்க டெரிக் அண்ணன் சார்."

"அவர் ஏம்மா என் பொண்ணு தோள் மேல கை போட்டுக்கிட்டு நிக்கிறாரு?"

"நாலாவதா நிக்கிறாரு சார்."

"எங்க சம்பந்தி இப்பதான் கேக்கிறாரு, உங்க அண்ணன் சாப்பிட்டுட்டுப் போனாரா, நாங்க சரியா கவனிக்கலையேன்னு. எனக்கு அண்ணனே கிடையாதும்மா."

நான் உடனே, "சாப்பிட்டாரு சார், ரெண்டு தடவை சாப்பிட்டாரு"ன்னேன். போனை வச்சுட்டாரு.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொன்னேன். ஃபாதர் பொறுமையாக் கேட்டுட்டு, "மூணு ஆகாதுன்னா எப்படிம்மா, நாம கும்பிடுறதே பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணு பேரைத்தானே"ன்னாரு. "அவங்க மூணு பேரும் போட்டோ எடுத்துக்கலையே ஃபாதர்"னேன். அப்புறம், "உன் வீட்டுச் சுவத்துல திருக்குடும்பம் படம் இருக்கா"ன்னாரு. இருக்குது. சேசு, மரி, சூசை, மூணே பேரு. "அதுலயும் சூசையப்பர்தான் ஃபாதர் முதல்ல போயிட்டாரு"ன்னேன். ஃபாதர் பெருமூச்சு விட்டுட்டு, அபராதமா பத்து மந்திரம் கொடுத்தாரு. அன்னியிலேருந்துதான் கடுதாசி தலைப்புல அந்தோணியாரையும் சேர்த்துக்கிறேன், எதுக்கு வம்புன்னு.

ரெண்டு நாள் கழிச்சு மமதாவே மர்பி டவுனுக்கு வந்தா, ஷோபாகிட்ட வழி கேட்டுக்கிட்டு. சண்டைக்குத்தான் வந்திருக்கான்னு நினைச்சு நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன். அந்தப் பிள்ளை சண்டை போடல. கட்டில்ல உட்கார்ந்து ஆல்பத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, "அங்கிள் பரவாயில்ல ஆன்ட்டி, பழகிடுச்சு. ஆனா நானும் அப்பாவும் அம்மாவும் மட்டும் நிக்கிற போட்டோ ஒண்ணுகூட இல்ல"ன்னா. நான் என் வழக்கத்தைச் சொன்னேன், உங்க தம்பி போனதைச் சொன்னேன். கேட்டுட்டு மெதுவாச் சொன்னா, "பிறந்ததுலேருந்து எங்க வீட்டுல நாங்க மூணு பேர்தான் ஆன்ட்டி. அப்ப நாங்க எப்படித்தான் நிக்கிறது?"

இதுக்குப் பதிலை ராத்திரி பூரா தேடினேன் அண்ணி. உங்ககிட்ட இருக்குதா.

மறுநாள் மல்லேஸ்வரம் போனேன். கல்யாண உடுப்பையே திரும்பப் போட்டுக்கிட்டு மூணு பேரும் ஹால்ல நின்னாங்க. டெரிக் அண்ணன் பழக்க தோஷத்துல உள்ள நுழையப் பார்த்தாரு, வாசல்லயே நில்லுங்கன்னு சொல்லிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு, மாதாவை நினைச்சு அமுக்கினேன். படத்துல சீனு ஐயாவும் கண்ணை மூடியிருந்தாரு, உடனே சிலுவை போட்டுக்கிட்டேன். திரும்ப ஒண்ணு எடுத்தேன், அது நல்லா வந்தது.

எடுத்துட்டேனே தவிர, மனசு கேக்கணுமே. உங்க தம்பி போட்டோ எடுத்த பதினோராவது நாள்தானே போனாரு. அதனால அன்னிக்குலேருந்து தினம் காலையில அவங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். ஒரு நாள் ஆல்பத்துல கலர் சரியான்னு கேட்டேன், ஒரு நாள் என் குடையை அங்க விட்டுட்டேனான்னு கேட்டேன், ஒரு நாள் ஒண்ணும் தோணாம "ஊட்டா ஆய்தா சார்"னு, சாப்பிட்டாச்சான்னு கன்னடத்துல கேட்டேன். எட்டாம் நாள் அவரு, "ஏம்மா, நான் உயிரோடதான் இருக்கேன், என் சம்சாரமும் இருக்கா, மமதாவும் இருக்கா, போதுமா"ன்னாரு. என் பதினோரு நாள் பயத்தை ஷோபா அவர்கிட்ட சொல்லியிருக்கா. அப்பவும் நான் நிறுத்தல, பதினொண்ணு வரைக்கும் பண்ணினேன். பன்னெண்டாம் நாள் நான் போன் பண்ணல. பத்து மணிக்கு அவரே பண்றாரு. "என்னம்மா, இன்னிக்குப் போனே வரல, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

போனை வச்சுட்டு உட்கார்ந்து அழுதேன். அழுது முடிச்சு, பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருந்த அந்தப் போட்டோவை ஒன்னேகால் வருஷம் கழிச்சு வெளியில எடுத்தேன்.

சிவாஜிநகர் மாதா திருவிழாவுல எடுத்தது. வண்டியில மெஷின் வச்சு ஒரு போட்டோகாரன் அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுத்தானே, அதுதான். நீங்க, உங்க தம்பி, நானு. லாயிட் கத்தார்ல, கேரல் ஏதோ வாங்கப் போயிட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க தம்பி அதைப் பையிலேருந்து எடுத்து, நான் பாக்குறதுக்கு முன்னாடியே பழைய ஃபிரேம் ஒண்ணுல அவரே போட்டு, "எப்படி என் வேலை"ன்னு பெருமையா ஆணி அடிச்சு மாட்டினாரு. வியாழக்கிழமை ஆபீஸ்ல டீயைக் கையில வச்சுக்கிட்டே போயிட்டாரு. முப்பது வருஷம் அந்த ஆபீஸ் லிஃப்ட்டை ஓட்டிக்கிட்டு மேலயும் கீழயும் போய்க்கிட்டு இருந்த மனுஷன், ஒரேயடியா மேல போயிட்டாரு.

சவப்பெட்டியை வீட்டுல வச்சிருக்கும்போது அத்தனை பேர் முன்னாடி நான் உங்களைப் பார்த்து, "நீங்க மூணாவதா வந்து நின்னதுலதான் என் புருஷன் போனாரு"ன்னு கத்தினேன். நீங்க தம்பி நெத்தியில முத்தம் கொடுத்தீங்க, கல்லறை வரைக்கும் வந்தீங்க, அப்படியே அத்திபெலே பஸ் ஏறிட்டீங்க. ஏழாம் நாள் பூசைக்கு வரல. அன்னிக்கு நான் வாசலைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

இப்போ அந்தப் படத்தைத் தொழில்காரி கண்ணால பார்த்தேன் அண்ணி. உங்க தம்பி நேரா நிக்கிறாரு. நீங்க கையைக் கோத்துக்கிட்டு நிதானமா நிக்கிறீங்க. என் முந்தானை மட்டும் கலங்கித் தெரியுது. ஓடி வந்து நின்னவங்களுக்குத்தான் அப்படிக் கலங்கி வரும்னு அந்த யூடியூப் தம்பி சொல்லியிருக்கான். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அக்காவும் தம்பியும் ரெண்டு பேராத்தான் எடுத்துக்க நின்னீங்க. "என்னை விட்டுட்டா எடுக்கிறீங்க"ன்னு ஓடி வந்தது நான். மூணாவதா வந்து நின்னது நான் அண்ணி. இத்தனை வருஷமா எங்களுக்கு நாலாவதா நின்னவங்களை, சாவு வீட்டுல வச்சு மூணாவதுன்னு சொல்லிட்டேன். தப்புன்னு எழுதினா இந்தப் பேப்பர் பத்தாது. என்னை மன்னிச்சுடுங்க.

கேரல் கல்யாணத்துக்கு நான் முன்னாடி வர மாட்டேன். கேமராவுக்குப் பின்னாடி நிக்கிறவ முகம் யாருக்கும் தெரியாது. கேரல் அப்பாவும் இல்லாததுனால பொண்ணு, மாப்பிள்ளை, நீங்கன்னு மூணு பேரு ஆகுது. அதுக்குப் பயப்படாதீங்க. டெரிக் அண்ணனைக் கூட்டிட்டு வரேன், கோட்டு சலவைக்குப் போட்டாச்சு. நீங்களே பாருங்கன்னு அந்தத் திருவிழாப் போட்டோவையும் இதுக்குள்ள வச்சு அனுப்புறேன். என் முந்தானையைப் பாருங்க, நான் சொன்னது உண்மைன்னு தெரியும்.

உங்க வீட்டு வாசப்படிக்கும், கேரல் கழுத்துல ஏறப்போற தாலிக்கும், உங்க சர்க்கரை மாத்திரைக்கும் வேளாங்கண்ணி மாதா காவலா இருக்கட்டும். ஆஷ்லி தம்பி நல்ல பையன், ஹால்ல சாப்பிட்டா இலையை அவனே எடுத்துப் போடுவான், பார்த்திருக்கேன்.

இப்படிக்கு,
உங்க தம்பி கட்டிக்கிட்ட
பிலோமினா

பி.கு.: அண்ணி, மேலே எழுதினது எல்லாம் தப்பு. கவர்ல வைக்கிறதுக்காக இப்பதான் போட்டோவை ஃபிரேம்லேருந்து வெளியே எடுத்தேன். அது லாயிட்டோட புதுநன்மை ஃபிரேம், சின்னது. போட்டோ அதுல பத்தல. உங்க தம்பி புது ஃபிரேம் வாங்க மனசில்லாம, வலது பக்கம் ரெண்டு விரக்கடை மடிச்சு உள்ள சொருகியிருக்காரு. மடிப்பை நிமிர்த்தினா அங்க கேரல் நிக்கிறா. பாதி முகம்தான், ஆனா அவதான், ஒரு கையில பஞ்சு மிட்டாய், இன்னொரு கையில மீதிச் சில்லறை. ஓடி வந்து நம்ம பக்கத்துல நிக்கிற நேரத்துல அந்தப் போட்டோகாரன் க்ளிக் பண்ணியிருக்கான். நாலு பேர் அண்ணி. நான் திரும்பத் திரும்ப எண்ணினேன். டெரிக் அண்ணனைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், அவரும் நாலுங்கிறாரு. நீங்களும் மூணாவது இல்ல, நானும் மூணாவது இல்ல. யாராலயும் இல்ல, அவரு சும்மாத்தான் போயிருக்காரு. அதைத்தான் என்னால தாங்க முடியல.

போட்டோவைத் தபால்ல அனுப்பல. கசங்கிடும். கடுதாசி புதன்கிழமை உங்க கைக்கு வந்துடும்னு போஸ்ட் ஆபீஸ்ல சொல்றாங்க. வியாழக்கிழமை நானே எடுத்துக்கிட்டு வரேன், கதவைத் திறங்க. கல்யாணத்துல நீங்க மூணு பேராவே நில்லுங்க, டெரிக் அண்ணன் பந்தியில உட்காரட்டும். ஒரு ஃபிரேமுக்குக் கஞ்சத்தனம் பட்டு நம்ம ரெண்டு பேரையும் ஒன்னேகால் வருஷம் பேசவிடாம பண்ணிட்டாரு உங்க தம்பி. நான் வந்ததும் ரெண்டு பேரும் உட்கார்ந்து அவரைத் திட்டலாம். தனியாத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துப்போச்சு.